திரை உறைந்தால் திகைக்கலாமா?

அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தால் என்ன செய்கிறோம்? தீயைக் குறைக்கிறோம், பாத்திரத்தை இறக்குகிறோம், அடுப்பைத் துடைக்கிறோம். அடுப்பையே தூக்கித் தெருவில் போட்டுவிட்டுப் புது அடுப்பு வாங்க யாரும் ஓடுவதில்லை. ஆனால் வீட்டுக் கணினி கொஞ்சம் முரண்டு பிடித்தால் மட்டும் நமக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. "அவ்வளவுதான், போய்விட்டது!" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இல்லையென்றால், யார் எதைச் சொன்னாலும் அப்படியே கேட்டு நடக்கிறோம். இந்த இரண்டாவது காரியத்தில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. அந்த ஆபத்தின் வாசல் வரை போய்த் திரும்பியவர் என் பெரியம்மா. அவர் கதையைச் சொன்னால் உங்களுக்கும் உதவும் என்றே இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்கு அருகே ஓர் அடுக்குமாடி வீட்டில் அவர் வசிக்கிறார். வயது 72. பெரியப்பா காலமான பிறகு பேரன்தான் துணைக்கு இருந்தான். கொரோனா பரவிய 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி சிங்கப்பூர்ப் பள்ளிகள் எல்லாம் வீட்டிலிருந்தே படிக்கும் முறைக்கு மாறின அல்லவா? அப்போது அவன் படிப்புக்காக அவசர அவசரமாக யாரோ பயன்படுத்திய பழைய கணினி ஒன்றை வாங்கிக் கூடத்து மூலையில், சாமி மாடத்துக்குக் கீழே வைத்தார்கள். பேரன் வளர்ந்தான், மடிக்கணினி வாங்கினான், பெற்றோரோடு வேறு வட்டாரத்துக்குப் போய்விட்டான். கணினி பெரியம்மாவுக்கு மிஞ்சியது.

அவரும் அதைத் துணி போட்டு மூடி வைக்கவில்லை. காலையில் தமிழ் முரசு, மாலையில் கோயில் திருவிழா ஒளிபரப்பு, ஞாயிறு தோறும் மெல்பர்னில் இருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேச்சு என்று கெட்டிக்காரத்தனமாகப் பழகிக்கொண்டார். இத்தனையும் நடப்பது பிள்ளைகள் 'பிரௌசர்' என்று சொல்லும் உலாவியின் வழியாகத்தான். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் என்பவை எல்லாம் உலாவிகளே. இணையம் என்னும் பெரிய கடைத்தெருவைப் பார்க்க நம் வீட்டுச் சுவரில் இருக்கும் ஜன்னல் அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஜன்னல்தான் அடிக்கடி உறைந்து போகத் தொடங்கியது. பேச்சு நடுவில் மகள் முகம் சிலையாகிவிடும். செய்தியின் பாதியில் பக்கம் நகராது. ஒரு கடையில் கேட்டதற்கு, "பாட்டி, இது கிழடு. புதுசு வாங்குங்க" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாதக்கணக்கில் அவர் அந்தத் தொல்லையோடே காலம் தள்ளினார்.

ஒரு நாள் இரவு 9 மணிக்கு எனக்குத் தொலைபேசி வந்தது. "ஏம்மா, திரை முழுக்கச் சிவப்பா என்னமோ வந்து நிக்குது. மூடவும் முடியல. கூ, கூன்னு சத்தம் வேற. கீழே ஒரு நம்பர் போட்டு உடனே கூப்பிடச் சொல்றான். என் கண்ணாடியைக் காணோம். நீ அந்த நம்பரைப் படிச்சுச் சொல்லு" என்றார்.

கைப்பேசியைத் திரைப் பக்கம் திருப்பிக் காட்டினார். 'உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, அணைக்காதீர்கள், அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும், உடனே எங்கள் நிபுணரை அழையுங்கள்' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"பெரியம்மா, எந்த நம்பருக்கும் பேச வேண்டாம். சுவரில் இருக்கிற சுவிட்சை அணையுங்கள்" என்றேன்.

"அணைச்சா எல்லாம் அழிஞ்சிடும்னு போட்டிருக்கானே?"

"அணையுங்கள், பெரியம்மா."

அணைத்தார். பிறகுதான் நான் மூச்சு விட்டேன். ஏன் அழைக்கப் போனீர்கள் என்று மறுநாள் கேட்டபோது அவர் சொன்ன பதிலை நான் மறக்கவே முடியாது. "எத்தனை மாசமா இது நின்னு நின்னு போகுது! கேட்டா யாரும் ஒண்ணும் சொல்லல. கடைசியில கம்ப்யூட்டர்காரனே உதவிக்கு வந்துட்டான்னு நெனச்சேன்" என்றார்.

பார்த்தீர்களா? சாதாரணக் கோளாறுக்கு வழி தெரியாத தவிப்புதான் மோசடிக்காரனுக்குக் கதவைத் திறந்து விடப் பார்த்தது. கண்ணாடி கையில் இருந்திருந்தால், தம் கடைசிக் காரியச் செலவுக்கென்று அவர் வங்கியில் சேர்த்து வைத்திருக்கும் பணம் என்ன ஆகியிருக்குமோ!

அந்தச் சனிக்கிழமை லார்க்கினில் 170-ஆம் எண் பேருந்தைப் பிடித்து, பாலம் கடந்து, குவீன் ஸ்திரீட்டில் இறங்கி, தேக்காவுக்கு நடந்தே போய்ச் சேர்ந்தேன். பெரியம்மா கோப்பி கலக்கிக் கொடுத்தார். இருவரும் கணினி முன் உட்கார்ந்தோம்.

ஏன் உறைகிறது?

பழைய ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு கிராணி. வரிசையில் இருபது பேர். ஒரு வாளியின் எடையில் தகராறு வந்துவிட்டால் பின்னால் நிற்கும் பத்தொன்பது பேரும் காத்திருக்க வேண்டியதுதான். கிராணி செத்துப் போகவில்லை, தராசு உடையவில்லை, ஒரு வாளியில் மாட்டிக்கொண்டார், அவ்வளவே.

உலாவியும் அப்படித்தான். ஒரு பக்கத்துக்குள் எழுதப்பட்ட கட்டளை முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தால், அந்தப் பக்கம் உங்கள் தட்டலுக்குப் பதில் சொல்லாது. பழைய உலாவிகளில் ஒரு பக்கம் மாட்டினால் எல்லாம் மாட்டின. 2008-ஆம் ஆண்டு வெளிவந்த குரோம், பக்கங்களைத் தனித்தனி அறைகளில் நடத்தும் முறையைக் கொண்டுவந்தது. மற்ற உலாவிகளும் இன்று பெரும்பாலும் அவ்வழியே நடக்கின்றன. ஒரு கிராணிக்குப் பதில் பல கிராணிகள்! அதனால் ஒரு பக்கம் நின்றாலும் மற்றவை ஓடலாம். ஆனால் அத்தனை கிராணிகளுக்கும் உட்கார இடம் வேண்டுமே? அந்த இடம்தான் 'ரேம்' எனப்படும் நினைவகம். அது போதாவிட்டால் கணினி மெதுவான வட்டைத் துணைக்கு அழைக்கும். எல்லாம் ஆமை வேகம் ஆகிவிடும்.

முதலில், எது நின்றது?

நோய் எது என்று தெரியாமல் மருந்து கொடுக்கலாமா? ஆகவே, முதலில் மூன்று கேள்விகள்.

சுட்டெலியை அசையுங்கள். திரையில் அம்புக்குறியே நகரவில்லையென்றால் கணினி முழுவதுமே நின்றிருக்கிறது. அது நகர்ந்தால், மேலே வேறொரு பக்கத்தின் காதைத் தட்டுங்கள். அது திறந்தால் முதல் பக்கம் ஒன்றுக்குத்தான் வியாதி. எந்தப் பக்கமும் திறக்கவில்லை, ஆனால் கணினியில் உள்ள படங்களும் கோப்புகளும் ஒழுங்காகத் திறக்கின்றன என்றால் கோளாறு உலாவியில்.

இன்னொன்று. பக்கம் வெறுமையாக இருந்து வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் அது உறைவதன்று. இணையத் தொடர்பு வரவில்லை. அதே நேரத்தில் கைப்பேசியில், அதே வைஃபையில் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கும் வராவிட்டால் கணினியின் மேல் பழி போடாதீர்கள்.

உடனடி உதவி

முதல் மருந்து பொறுமை. அரை நிமிடம் காத்திருங்கள். நாம் என்ன செய்கிறோம்? நிற்கிறதே என்று இருபது முறை தட்டுகிறோம். அந்த இருபது தட்டலும் வரிசையில் போய் நின்று சுமையைக் கூட்டும்.

அரை நிமிடத்தில் மீளாவிட்டால் கண்ட்ரோல் விசையையும் டபிள்யூ விசையையும் சேர்த்து அழுத்தினால் அந்த ஒரு பக்கம் மூடும். அதற்கும் அசையாவிட்டால் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். உலாவியின் சொந்தக் கணக்குப் புத்தகம் திறக்கும். எந்தப் பக்கம் எவ்வளவு நினைவகத்தை விழுங்குகிறது என்று வரிசையாகக் காட்டும். அதிகம் விழுங்கும் பக்கத்தைத் தேர்ந்து நிறுத்திவிடலாம்.

உலாவி மொத்தமும் நின்றுவிட்டதா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸின் 'டாஸ்க் மேனேஜர்' வரும். உலாவியின் பெயரைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' என்பதைத் தட்டினால் அது மட்டும் மூடும். பாதியில் எழுதிக்கொண்டிருந்த விண்ணப்பம் போய்விடலாம். சேமித்து வைத்த கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

கடைசி வழி, கணினியை மறுபடி தொடங்குவது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. "நான்தான் தினமும் ராத்திரி அணைச்சிடறேனே" என்றார் பெரியம்மா. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், பெரும்பாலான கணினிகளில் 'ஷட் டவுன்' கொடுத்தால் கணினி முழுதாக உறங்குவதில்லை. மறுநாள் விரைவாக எழுவதற்காகத் தன் உள்வேலையில் ஒரு பகுதியை அப்படியே மடித்து வைத்துக்கொள்கிறது. பழைய கசடும் அதோடு தங்கிவிடக்கூடும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் முழுதாகக் கழுவிக் கவிழ்த்தது போல ஆகும். பெரியம்மா அந்தச் சொல்லைத் தொட்டதே இல்லை! அன்று தொட வைத்தேன். பாதி மந்தம் அதிலேயே குறைந்தது.

காரணத்தைத் தேடுவோம்

வகுப்பில் கணக்குத் தப்பினால் என்ன செய்யச் சொல்கிறோம்? ஒவ்வொரு வரியாகத் திரும்பிப் பார்க்கச் சொல்கிறோம். இங்கும் அதே முறைதான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். பிறகு ஒரு நாள் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

முதலாவது, திறந்து கிடக்கும் பக்கங்கள். பெரியம்மாவின் உலாவியில் எண்ணிப் பார்த்தோம்: 23 பக்கங்கள்! போன தீபாவளி முறுக்குச் செய்முறைகூடத் திறந்தே கிடந்தது. "மூடினா மறுபடி கிடைக்காதேன்னு விட்டுட்டேன்" என்றார். வேண்டியவற்றை நட்சத்திரக் குறியைத் தட்டி நினைவுக்குறியாக வைத்துக்கொண்டு மற்றதை மூடலாம் என்று காட்டினேன். தவறி மூடினாலும் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் அழுத்தினால் கடைசியாக மூடிய பக்கம் திரும்பி வரும். குரோமிலும் எட்ஜிலும், பார்க்காத பக்கங்களைத் தூங்க வைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தும் வசதியும் அமைப்புகளில் இருக்கிறது.

இரண்டாவது, ஒட்டுண்ணிகள். உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் சிறு நிரல்களை 'எக்ஸ்டென்ஷன்' என்பார்கள். சில நல்லவை, சில சும்மா தின்பவை, சில வேவு பார்ப்பவை. இவை காரணமா என்று அறிய எளிய சோதனை உண்டு. குரோமிலும் எட்ஜிலும் கண்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் அழுத்தினால் தனி ஜன்னல் ஒன்று திறக்கும். நாம் அனுமதித்தாலொழிய ஒட்டுண்ணிகள் அங்கே வேலை செய்யா. வழக்கமாக நிற்கும் பக்கத்தை அதில் திறந்து பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால், குற்றவாளி ஒட்டுண்ணியாகவோ, தேங்கிக் கிடக்கும் பழைய தகவலாகவோ இருக்கலாம். பெரியம்மாவின் கணினியில் நான்கு இருந்தன. பேரன் காலத்தில் சேர்ந்தவை. நான்கையும் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில், தள்ளுபடிச் சீட்டுத் தேடித் தருவதாகச் சொல்லும் ஒன்றுதான் வில்லன் என்று தெரிந்தது. நீக்கினோம். மகள் முகம் அதற்குப் பிறகு அவ்வளவாகச் சிலையாகவில்லை.

மூன்றாவது, தேங்கிய தகவல். விரைவாகத் திறப்பதற்காகப் பக்கங்களின் படங்களை உலாவி சேர்த்து வைக்கும். அவற்றில் ஒன்று பழுதானாலும் தொல்லைதான். கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் அழுத்தினால் துடைக்கும் பலகை வரும். அதில் படங்கள், கோப்புகள் என்ற கட்டத்தை மட்டும் குறியிடுங்கள். கடவுச்சொற்கள் என்ற கட்டத்தைத் தொட வேண்டாம். தொட்டால் சேமித்த கடவுச்சொல் எல்லாம் போய்விடும். பிறகு என்னைத் திட்டக்கூடாது!

நான்காவது, பழைய பதிப்பு. உலாவியை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். விண்டோஸ் 7, 8.1 உள்ள கணினிகளுக்குப் புதிய குரோம் வருவது 2023 பிப்ரவரியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. 2018-க்கு முந்திய கணினிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. பெரியம்மாவினுடையதும் அந்த வகைதான். ஆகவே அதில் செய்தி படிக்கலாம், மகளோடு பேசலாம், வங்கி வேலை மட்டும் கூடவே கூடாது என்று முடிவு செய்தோம்.

ஐந்தாவது, இடமும் சூடும். அந்தக் கணினியின் நினைவகம் 4 ஜிபி. இன்றைய பக்கங்களுக்கு அது ஒற்றை அறையில் கூட்டுக் குடும்பம் போல. 8 ஜிபி ஆக்கினால் நல்ல மாற்றம் தெரியும். எல்லாக் கணினியிலும் கூட்ட முடியாது என்பதால் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். பேரன் பிறகு ஒரு நாள் வந்து சேர்த்துவிட்டான். வட்டில் இடம் அடைத்துக் கிடந்தாலும் கணினி திணறும்; வேண்டாத காணொளிகளை நீக்குங்கள். சாமி மாடத்துச் சாம்பிராணிப் புகையும் ஊதுவத்திச் சாம்பலும் காற்றாடித் துளையில் பஞ்சு போல அடைந்திருந்தன. சூடு ஏறினால் கணினி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்சாரத்தை எடுத்துவிட்டுத் தூசியைத் தட்டி, மேசையை இரண்டடி தள்ளி வைத்தோம். சாமிக்கும் குறையில்லை, கணினிக்கும் குறையில்லை.

தமிழ் மேல் பழி

இடையில் பெரியம்மா ஒரு சந்தேகம் கேட்டார். "தமிழ்ப் பக்கம் பார்க்கிறதாலதான் கம்ப்யூட்டர் நிக்குதுன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்களே, நெசமா?"

நெசமில்லை. ஆனால் அந்தப் பேச்சு முளைத்த காலம் ஒன்று உண்டு. 1990-களில் இணையத்தில் தமிழ் படிக்க வேண்டுமானால் ஒவ்வொரு தளத்துக்கும் அதற்கென்று ஓர் எழுத்துருவைக் கணினியில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றாவிட்டால் திரையில் தமிழுக்குப் பதில் புரியாத கிறுக்கல்கள்தாம் வரும்.

அந்தத் தடையை உடைக்க உழைத்தவர்களில் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி அவர். 'கணியன்' என்ற தமிழ்க் கணினி முறையை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறின. அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்த அந்தப் பக்கங்களில் தமிழும் இருந்தது. 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டியவரும் அவரே. 1999-ல் அவர் மறைந்துவிட்டார். அடுத்த ஆண்டு, 2000 ஜூலையில், சிங்கப்பூரில் நடந்த மாநாட்டில்தான் 'உத்தமம்' என்ற உலகத் தமிழ் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மூலம் செய்த பணியும் நீங்கள் அறிந்ததே.

இன்று எல்லா உலாவிகளும் யூனிகோட் என்ற உலகப் பொது முறையைப் பயன்படுத்துகின்றன. 1991-ல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆகவே தமிழ் எழுத்தால் எந்த உலாவியும் நிற்காது. பக்கத்தில் அடைத்து வைத்த விளம்பரங்களும் தாமே ஓடும் படங்களும் சேர்ந்து நிறுத்தலாம்; அது எந்த மொழிப் பக்கத்துக்கும் பொது. இதைக் கேட்டதும் பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்போ நான் தமிழ் முரசைத் தாராளமாப் படிக்கலாம்!" என்றார்.

பொய்யாக உறையும் திரை

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். அந்தச் சிவப்புத் திரை உண்மையில் உறைந்ததே இல்லை. அது வெறும் ஒரு வலைப்பக்கம். திரை முழுவதும் விரிந்து, மூடும் குறியை மறைத்து, சத்தம் போட்டு, உறைந்தது போல நடிக்கும். அதில் உள்ள எண்ணுக்கு அழைத்தால் இனிமையாகப் பேசுவார்கள். பெரிய கணினி நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்வார்கள். உங்கள் கணினியைத் தூரத்திலிருந்தே இயக்க ஒரு நிரலை ஏற்றச் சொல்வார்கள். பிறகு ஏதோ காரணம் காட்டி வங்கிக் கணக்கைத் திறக்க வைப்பார்கள். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டுமா? சிங்கப்பூர்க் காவல்துறை இதைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஏமாந்தவர்களில் படித்தவர்களும் உண்டு. ஆகவே ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

உண்மையையும் பொய்யையும் எப்படிப் பிரித்தறிவது? ஒரே அடையாளம் போதும். உண்மையில் உறைந்த உலாவி தொலைபேசி எண் தராது. எண் தந்து அழைக்கச் சொன்னால் அது பொய். 'ஃபிளாஷ் பிளேயரைப் புதுப்பியுங்கள்' என்று வந்தாலும் பொய்தான். ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்து போன சரக்கு.

அந்தத் திரை வந்தால் எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். முழுத்திரை சுருங்கும், மூடிவிடலாம். இல்லையென்றால் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்துங்கள். இதை எந்த வலைப்பக்கத்தாலும் தடுக்க முடியாது. அங்கிருந்து டாஸ்க் மேனேஜருக்குப் போய் உலாவியை நிறுத்துங்கள். எதுவும் நினைவுக்கு வராவிட்டால் என் பெரியம்மா செய்தது போலச் சுவிட்சை அணையுங்கள். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களைத் திறக்கவா?' என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பெரியம்மாவுக்கு அது எங்கிருந்து வந்தது என்றும் தேடினோம். என்றோ ஏதோ ஒரு தளம் 'அறிவிப்பு அனுப்பலாமா?' என்று கேட்டதற்கு அவர் ஆகட்டும் என்று தட்டியிருக்கிறார். அந்தத் தளம்தான் திரையின் மூலையில் பயமுறுத்தும் சீட்டுகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. அதில் ஒன்றை அன்று தொட்டுவிட்டார். உலாவி அமைப்புகளில் 'நோட்டிபிகேஷன்' பகுதிக்குப் போய், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலைத் திறந்து அதை நீக்கினோம். நீங்களும் இன்றே ஒரு முறை பாருங்கள்.

ஒருவேளை அழைத்துப் பேசிவிட்டீர்களா? நிரலையும் ஏற்றிவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், நேரம்தான் பணம். கணினியின் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். உடனே உங்கள் வங்கியை அழையுங்கள். எண்ணை வங்கி அட்டையின் பின்புறம் பாருங்கள். சிங்கப்பூரில் 1799 என்ற எண்ணும், மலேசியாவில் 997 என்ற எண்ணும் மோசடி பற்றிய உதவிக்கென்றே இருக்கின்றன. காவல்துறையில் புகார் கொடுங்கள். பிறகு வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள்.

யாரைக் கேட்பது?

பெரியம்மாவின் பதிலை மறுபடி நினைத்துப் பாருங்கள். 'கேட்டா யாரும் ஒண்ணும் சொல்லல' என்றாரே, அதில் என் பங்கும் உண்டு. இதற்கு முன் இரண்டு முறை அவர் சொன்னபோது, "வயசான கம்ப்யூட்டர் பெரியம்மா, விடுங்க" என்று நானும் சொல்லித் தட்டிக் கழித்தவள்தான். தினமும் ஐம்பது பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிற எனக்கு, என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியவில்லை. நாம் ஒதுக்காத அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்கத்தான் மோசடிக்காரன் காத்திருக்கிறான்.

வீட்டில் இளையவர்கள் இருந்தால் கேளுங்கள். இல்லையென்றால், சிங்கப்பூரில் 2020 முதல் மின்னிலக்கத் தூதர்கள் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மூத்தவர்களுக்கு உதவி வருகிறார்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். நாங்கள் கடிக்க மாட்டோம்!

புறப்படும் முன், பெரியம்மா தம் கைப்படப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். விரும்பினால் நீங்களும் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

1. அரை நிமிஷம் பொறு. சும்மா சும்மா தட்டாதே.
2. கண்ட்ரோல், டபிள்யூ: பக்கத்தை மூடு.
3. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப்: உலாவியை நிறுத்து.
4. வாரம் ஒரு தடவை ரீஸ்டார்ட்.
5. நம்பர் போட்டிருந்தால் பொய். சுவிட்சை அணை. பிள்ளைகளைக் கூப்பிடு.

இப்போதும் அந்தக் கணினி எப்போதாவது நிற்கத்தான் செய்கிறது. பழையது அல்லவா? ஆனால் பெரியம்மா பதறுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னார்: "நேத்து நின்னு போச்சும்மா. அரை நிமிஷம் பொறுத்தேன். அசையல. மூணு விசையை அழுத்தினேன். போய் ஒரு கோப்பி கலக்கிட்டு வந்தேன். சரியாப் போச்சு."

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மாவோ, மாமாவோ, தாத்தாவோ நின்று போன திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இந்த வாரம் ஒரு மணி நேரம் அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.